போயிட்டு வரேனுங்க

எங்கள் அலுவலகத்தில் போன வருஷத்தின் சிறந்த ஊழியர் விருது செத்துப்போன ஒருவருக்குக் கிடைத்தது.

பொறாமையில் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பொறாமையும் உண்டு. கோயம்புத்தூரில் ஊற்று பம்ப்ஸ் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு நான் மேற்பார்வையாளர். பெயர் தெய்வானை. மோட்டார் ஓடவில்லை, தண்ணீர் ஏறவில்லை, காயில் கம்பி கருகிவிட்டது என்று நாள் முழுக்க விவசாயிகள் போன் செய்து திட்டுவார்கள். திட்டு வாங்கத்தான் எங்களுக்குச் சம்பளம். இத்தனை வருஷம் வாங்கியும் எனக்கு ஒரு சால்வை கிடைத்ததில்லை. விருது விழாவில் சால்வையை யாருக்குப் போர்த்துவது என்று தெரியாமல் பொது மேலாளர் பிரசன்னா அதை மேஜைமேல் இருந்த ஸ்பீக்கருக்குப் போர்த்தினார். சால்வைக்குள்ளிருந்து "ரொம்ப நன்றிங்க" என்று நாச்சிமுத்துவின் குரல் அமுங்கிக் கேட்டது. எல்லோரும் கை தட்டினோம். தட்டாதவள் ஒருத்திதான். ஸ்பேர் பார்ட்ஸ் பிரிவில் வேலை பார்க்கும் கோகிலவாணி, நாச்சிமுத்துவின் மனைவி.

நாச்சிமுத்து சரவணம்பட்டி ரோட்டில் லாரி மோதி இறந்தார். சாவுக்குப் போக எங்கள் பிரிவில் இரண்டு பேருக்குத்தான் அனுமதி கொடுத்தார்கள். மற்றவர்கள் மெயிலில் அழுதோம். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அவர் திரும்ப வேலையில் சேர்ந்துவிட்டார்.

அதற்கு 'தொடர்பணி' என்று பெயர். வருஷக்கணக்காகப் பதிவு செய்து வைத்திருந்த அவருடைய போன் பேச்சையெல்லாம் இயந்திரத்துக்கு ஊட்டி, அவரைப் போலவே பேசவும் யோசிக்கவும் ஒன்றைச் செய்திருந்தார்கள். வேலைக்குச் சேரும்போதே எல்லோரும் அதற்குச் சம்மதம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். யார் படித்துப் பார்த்தோம்? முதல் நாள் காலை என் மேஜை போன் அடித்தது. எடுத்தேன்.

"வணக்கமுங்க மேடம். லேட் ஆயிருச்சுங்களா?"

கையில் இருந்த டீ மடியில் கொட்டியது. அக்கவுண்ட்ஸ் தங்கராசு செருப்பில்லாமல் எதிரே இருந்த விநாயகர் கோயிலுக்கு ஓடினார். மத்தியானம் வரை யாரும் வேலை செய்யவில்லை, நாச்சிமுத்துவைத் தவிர. அவர் பாட்டுக்கு ஒவ்வொரு விவசாயியையும் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். ஒரு வாரத்தில் எங்களுக்குப் பழகிவிட்டது. பேய் என்றால் பயப்படலாம். பேய் வந்து நம் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்தால் எப்படிப் பயப்படுவது?

அவர் காதில் விழும்படி சாவைப் பற்றிப் பேசக்கூடாது என்று மட்டும் உத்தரவு. தான் இறந்தது அவருக்குத் தெரியாது. தன் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பதாக அவர் நினைப்பு. "தெரிஞ்சா மனசு பாதிக்கும், மனசு பாதிச்சா வேலை பாதிக்கும்" என்றார் பிரசன்னா. மனிதர் கெட்டவர் இல்லை. மும்பைத் தலைமை அலுவலகத்திலிருந்து தினமும் அவரை யாரோ திட்டினார்கள், அதை எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். அவ்வளவுதான். ஆனால் பிரித்துக் கொடுக்கும் விதம் இருக்கிறதே! கல்யாணத்துக்கு லீவு கேட்கப் போன தங்கராசுவிடம், "நாச்சிமுத்து லீவு கேட்டாரா?" என்றார்.

"அவரு செத்துட்டாருங்க சார்."

"அப்படியிருந்தும் கேக்கலை, பாத்தீங்களா?"

இது நன்றாக ஓடியதும் மற்ற கிளைகளிலும் ஆரம்பித்தார்கள். திண்டுக்கல் கிளையில் ஆரோக்கியசாமி. பெயரில் இருந்த ஆரோக்கியம் நெஞ்சில் இல்லாமல் மாரடைப்பில் போன மனிதர். காலையிலும் சாயங்காலமும் எல்லாக் கிளைகளையும் ஒரே இணைப்பில் சேர்த்து அன்றைய புகார்களைப் பேசுவோம். இறந்தவர்கள் ஒருவருக்கொருவர் நலம் விசாரித்துக்கொள்வார்கள். "உடம்பு எப்படிங்க?" என்பார் நாச்சிமுத்து. "ஒரு குறையும் இல்லீங்க" என்பார் ஆரோக்கியசாமி. நாங்கள் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் பிரிவின் இன்டர்காம் தவறாமல் அடிக்கும். "சாப்டியா கண்ணு?" என்று கேட்பார். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான் கேட்பார். கோகிலவாணி "சாப்டனுங்க" என்பாள். அதற்குமேல் பேசமாட்டாள். நாங்கள் எல்லோரும் அவளுக்குப் பழகிவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டோம். அடுத்தவர் துக்கம் நமக்கு எவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறது, சே!

ஒரு நாள் வேலை முடிகிற நேரம். நாச்சிமுத்து என் இணைப்பில் வந்தார்.

"மேடம், ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க நாச்சிமுத்து."

"தெனமும் சாயங்காலம் கெளம்பறனுங்க. உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் கெளம்பறேன். கதவத் தாண்டறேன். தாண்டுனா விடிஞ்சிருக்குதுங்க. மறுபடியும் இங்கயேதான் உக்காந்திருக்கறேன். ஒரு ராத்திரிகூட வரமாட்டேங்குதுங்க மேடம். வூட்டுக்குப் போயி எத்தன நாளாச்சுன்னே தெரியல. காலெல்லாம் வலிக்குது."

இயந்திரத்துக்கு ஏது கால்? ஏதோ சமாளித்தேன். "வேலை ஜாஸ்தி, அதான் அப்படி இருக்கும்." "அப்படித்தானுங்களா?" என்றார். பிறகு எப்போதும் போல, "சரிங்க மேடம், போயிட்டு வரேனுங்க."

திரும்பினால் கோகிலவாணி நிற்கிறாள். முழுக்கக் கேட்டிருக்கிறாள்.

"அக்கா, அவர வூட்டுக்கு அனுப்பிச்சுருங்க. வேற ஒண்ணும் நான் உங்ககிட்டக் கேக்கல."

மறுநாளே பிரசன்னாவின் அறைக்குப் போனேன். முழுவதும் கேட்டார். தலையைத் தடவிக்கொண்டார்.

"மேடம், அது வெறும் சத்தம். பழைய பேச்சை வெட்டி ஒட்டிப் பேசுது. கால் வலிக்குதுன்னு எப்பவோ சொல்லியிருப்பார்."

"ராத்திரியே வரமாட்டேங்குதுன்னும் எப்பவோ சொல்லியிருப்பாருங்களா சார்?"

"மனிதவளத் துறைக்கு ஒரு கோரிக்கை போடுங்க."

போட்டேன். 'சம்பந்தப்பட்ட ஊழியர் நேரடியாக முறையிடவில்லை' என்று மூடிவிட்டார்கள். மறுபடி போட்டேன். ஊழியரின் மனநலத்துக்காக ஒரு யோகா வகுப்புக்கு ஏற்பாடு செய்வதாகப் பதில் வந்தது. மூச்சுப் பயிற்சி, ஸ்பீக்கருக்கு! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேஜையைக் கவிழ்க்கலாம் போல இருந்தது. அதற்குள் தங்கராசு தன் வழியில் முயற்சி செய்து பார்த்தார். மருதமலை விபூதியைக் கொண்டுவந்து ஸ்பீக்கரில் பூசினார், சர்வர் அறைக் கதவில் எலுமிச்சம்பழம் கட்டினார். விபூதி உள்ளே போய் நாச்சிமுத்துவின் குரல் இரண்டு நாள் சளி பிடித்த மாதிரி கேட்டது. எலுமிச்சம்பழத்தைப் பாதுகாப்பு விதிமீறல் என்று கழற்றிப் போட்டார்கள்.

கடைசியில் சிஸ்டம் பார்க்கும் அப்சலைப் பிடித்தேன். நல்ல பிள்ளை. உண்மையைச் சொல்லப் பயப்படுவான், பொய் சொல்ல அதைவிடப் பயப்படுவான். கேன்டீனில் காபி வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தேன்.

"அப்சல், இத நிறுத்த என்னதான் வழி?"

"கம்பெனி நிறுத்தாது மேடம். நாமளும் நிறுத்த முடியாது. சம்மதம் கொடுத்தவர் மட்டுந்தான் நிறுத்த முடியும். அதுதான் சட்டம்."

"சம்மதம் கொடுத்தவரத்தான் ஆத்துப்பாலம் மயானத்துல எரிச்சாச்சே."

"கோர்ட்டு அந்தக் குரலையே அவர் வாயின்னு எடுத்துக்கிச்சு மேடம். அது தெனமும் வேலை முடியறப்ப 'நாளைக்கும் வர்றேன்'னு சம்மதம் சொல்லணும். சொன்னாத்தான் மறுநாள் எழுப்பலாம்."

"யாரும் அவருகிட்ட அப்படி ஒண்ணும் கேக்கறதில்லையே?"

அப்சல் காபியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தனியாக் கேட்டா அவருக்குச் சந்தேகம் வந்துரும்ல மேடம். அதனால அவர் வழக்கமாச் சொல்றதையே சம்மதமா எடுத்துக்கறாங்க. 'போயிட்டு வரேன்'னு சொல்றார்ல? மும்பை வக்கீலுக்கு அத அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தாங்க. அவர் பாத்தாராம். போறேன், திரும்பி வர்றேன். இத விடத் தெளிவா என்ன சம்மதம் வேணும்னு கையெழுத்துப் போட்டுட்டாராம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. பக்கத்துக் கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனால்கூடச் சொல்லிவிட்டுப் போகும் வார்த்தை. அதைப் பிடித்து ஒரு மனுஷனைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

"ஒரு நாள் அவர் அதச் சொல்லலைன்னா?"

"அன்னிக்கே முடிஞ்சிரும் மேடம். சட்டப்படி அழிச்சே ஆகணும், மறுபடி எழுப்பினா கிரிமினல் கேஸ். ஆனா நாம லைனைக் கட் பண்ணக்கூடாது. கட் பண்ணா நேத்துச் சொன்னதே செல்லும். பேசறதுக்கு வாய்ப்பு இருந்தும் அவரா சொல்லாமக் கெளம்பணும்."

சொல்லாமல் கிளம்புகிற ஆளா நாச்சிமுத்து? கெட்ட வார்த்தையில் திட்டும் விவசாயியிடம்கூட "வச்சர்றனுங்க, போயிட்டு வரேனுங்க" என்று சொல்லித்தான் போனை வைப்பார். இருந்தாலும் முயற்சி செய்தேன். அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன்.

"நாச்சிமுத்து, இன்னிக்கு நீங்க 'போறேன்'னு மட்டும் சொல்லுங்க பாக்கலாம்."

"அய்யய்யோ, அப்படியெல்லாம் சொல்லப்படாதுங்க மேடம். வெளக்கு வெக்கற நேரத்துல."

"சரி, ஒண்ணுமே சொல்லாமக் கெளம்புங்க."

"உங்களுக்கு எம்மேல கோவமுங்களா?"

"கோவமில்ல. சும்மா கெளம்புங்க."

"பெரியவங்ககிட்டச் சொல்லாமக் கெளம்பறதா? என்னங்க மேடம், இதென்ன எழவு வூடா? போயிட்டு வரேனுங்க."

வைத்துவிட்டார். எனக்கு வந்த எரிச்சலில் நான்கு வார்த்தை திட்டினேன். திட்டிக்கொண்டே பையை எடுத்து மாட்டினேன். அப்போதுதான் அவர் சொன்னது மண்டையில் ஏறியது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

எழவு வீட்டில்தான் யாரும் போயிட்டு வரேன் என்று சொல்வதில்லை. எவ்வளவு நெருங்கின சொந்தமானாலும் சொல்லக்கூடாது. பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போகவேண்டும். மும்பை வக்கீலுக்கு இது தெரியாது. நாச்சிமுத்துவுக்குத் தெரியும். மரியாதை தெரிந்த மனுஷன், சாகும்வரை அதை மீறியிருக்கமாட்டார். செத்த பிறகும் மீறமாட்டார்.

ஆனால் அதற்கு அவரிடம் உண்மையைச் சொல்லவேண்டும். யார் சொல்வது?

கோகிலவாணியை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். உடனே சரி என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அனுப்பிச்சுருங்கன்னு நாந்தான் சொன்னேன். இல்லைன்னு சொல்லல. ஆனா மத்தியானம் அவரு கேப்பாருன்னுதான் அக்கா நான் டப்பாவத் தெறக்கறதே. நாளைக்கு ஆரு கேப்பா?"

நான் கேட்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. அது எவ்வளவு மட்டமான ஆறுதல் என்று தெரிந்து அடக்கிக்கொண்டேன்.

"வேண்டாம்னா விட்டுடலாம் கண்ணு. ஆரும் உன்னத் தப்பாச் சொல்லமாட்டாங்க."

"காலு வலிக்குதுங்கறாரே" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குச் சாயங்காலம் சொல்லிர்றேன்" என்றாள்.

மறுநாள் வேலை முடியும் நேரம். எல்லாக் கிளைகளும் இணைப்பில் சேர்ந்தன. புகார்களை ஒப்பித்து முடித்தோம். மற்ற நாளாக இருந்தால் நாங்கள் பையைத் தூக்கியிருப்போம். அன்று யாரும் எழுந்திருக்கவில்லை. யாருக்கும் நான் சொல்லவில்லை, எப்படித்தான் பரவியதோ. ஸ்பேர் பார்ட்ஸ், அக்கவுண்ட்ஸ், கேன்டீன் ஆட்கள் எல்லோரும் வந்து சுவரோரமாக நின்றார்கள். ஆண்கள் நடைபாதையில் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். தங்கராசு செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்தார். கோகிலவாணி தரையில் உட்கார்ந்து ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க."

"கோகியா? என்ன கண்ணு, கெளம்பிட்டியா? இரு, ஒண்ணாப் போயிரலாம்."

"இல்லீங்க. இங்க ஒரு எழவுங்க."

"அடப்பாவமே. ஆருக்கு?"

"நம்ம வூட்லதானுங்க."

ஸ்பீக்கரின் சின்னப் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"அப்பனுக்கா?"

"மாமா நல்லா இருக்கறாருங்க."

"பாப்பா?" குரல் உடைந்தது. "கோகி, பாப்பா எங்க?"

"பாப்பா நல்லா இருக்கறா. ஸ்கூல் விட்டு வந்திருப்பா. பாப்பாவுக்கு ஒண்ணுமில்லீங்க."

பிரசன்னா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "என்ன நடக்குது இங்க? அடுத்த மீட்டிங்குக்கு இந்த ரூம் வேணும்" என்றார். கேன்டீன் மாஸ்டர் அவர் தோளில் கை வைத்து நிறுத்தினார். சாவு வீட்டில் பெரிய அதிகாரி, சின்ன அதிகாரி கிடையாது.

"மேடம் பக்கத்துல இருக்கறாங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"இருக்கறேன் நாச்சிமுத்து."

"நாந்தானுங்களா மேடம்?"

"ஆமாங்க" என்றேன்.

"அதானே பாத்தேன்" என்றார் மெதுவாக. "கதவத் தாண்டுனா விடிஞ்சிருதே, இதென்ன கூத்துன்னு பாத்தேன்." கொஞ்ச நேரம் கழித்து, "ஆபீஸ்ல எல்லாரும் வந்தாங்களா?" என்று கேட்டார்.

"எல்லாரும் வந்திருக்கறாங்க" என்றேன். அப்போது அது உண்மைதான்.

"வேலைய விட்டுட்டா?" என்றார். அதில் ஒரு சங்கோஜமும் ஒரு சந்தோஷமும் இருந்தன. "கண்ணு, நீ மத்தியானம் சரியாவே சாப்பிடலபோல இருக்குதே. குரல் ஒடுங்கிப் போச்சு."

"சாப்படறனுங்க. இனிமே நானாச் சாப்படறேன்."

அவ்வளவுதான் அவளால் முடிந்தது. அதன் பிறகு வந்தது பேச்சு இல்லை. உண்மையான சாவின்போது அவள் அழவே இல்லை என்று சொந்தக்காரர்கள் குறைபட்டுக்கொண்டது எனக்குத் தெரியும். அன்று அழுதாள். மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். ஸ்பேர் பார்ட்ஸ் பெண்கள் அவள் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள், நானும் உட்கார்ந்தேன். மேஜைகளில் போன்கள் அடித்துக்கொண்டே இருந்தன. ஊரில் எங்கெங்கோ மோட்டார்கள் நின்றுபோயிருந்தன. ஒருவரும் எடுக்கவில்லை.

அழுகைக்கு நடுவில் ஸ்பீக்கரிலிருந்து ஒரு செருமல் கேட்டது. எனக்கு அந்தச் செருமல் தெரியும். கிளம்புவதற்கு முன்னால் அவர் வழக்கமாகச் செருமுவார்.

"சரிங்க மேடம்..." என்று ஆரம்பித்தார்.

பக்கத்தில் நின்ற அப்சல் கண்ணை மூடிக்கொண்டான். பழக்கம் எவ்வளவு பொல்லாதது! அடுத்த வார்த்தை அவர் நாக்கில்தான் இருந்தது, எங்கள் எல்லோருக்கும் அது கேட்டுவிட்ட மாதிரிகூட இருந்தது.

அவர் சொல்லவில்லை. நாற்காலியை மெல்லப் பின்னால் தள்ளும் சத்தம் வந்தது. அவருக்கு ஏது நாற்காலி என்று நான் அப்சலைப் பார்த்தேன். அவன் தெரியாது என்று தலையாட்டினான். பச்சை விளக்கு அணைந்தது.

"போச்சு!" என்றார் பிரசன்னா. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "மும்பைக்கு நான் என்ன பதில் சொல்வேன்? நம்மகிட்ட இருந்த ஒரே ஒழுங்கான ஆள் மேடம் அவரு!" இவ்வளவு பேர் உயிரோடு சுற்றி நிற்கும்போது இப்படிச் சொன்னார். யாருக்கும் கோபம் வரவில்லை. தங்கராசு அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அழுகை ஓயவில்லை. கிளை இணைப்பை யாரும் துண்டிக்கவில்லை என்பதும் யாருக்கும் நினைவில்லை. சுவரில் இருந்த பெரிய ஸ்பீக்கரிலிருந்து திண்டுக்கல் பேசியது. மடியில் நடந்த தாழ்ந்த பேச்சு அங்கே எட்டியிருக்காது, அழுகை எட்டியிருக்கிறது.

"என்னங்கம்மா, அங்கிட்டு அழுகைச் சத்தமா கேக்குது? நாச்சிமுத்து சொல்லாமக்கொள்ளாமப் போய்ட்டாரே?"

பிரசன்னா தண்ணீர் டம்ளரோடு எழுந்து நின்றார்.

"எழவு வீடுங்களா அது?" என்றார் ஆரோக்கியசாமி.

பிரசன்னா என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் வேகமாக ஆட்டினார். இல்லை என்று சொல்லுங்கள், இல்லை என்று சொல்லுங்கள். டம்ளர் தண்ணீர் அவர் சட்டையெல்லாம் சிந்தியது. ஓய்வுபெற எனக்கு இன்னும் சில வருஷங்கள் இருந்தன. வீட்டில் எல்லோருக்கும் என் சம்பளம்தான். கோகிலவாணி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றேன். "எழவு வீடுதானுங்க."

அந்த மனிதர், தயங்கித் தயங்கி, யாரோ தடுத்துவிடுவார்களோ என்கிற பயத்தோடு கேட்டார்.

"அப்ப நானும் சொல்லக்கூடாதுல்லங்கம்மா?"

"சொல்லக்கூடாதுங்க" என்றேன்.

ஆரோக்கியசாமி ஒன்றும் சொல்லவில்லை.